பாஸ்டர், இன்ஜினியர், கவுன்சிலர்: எங்கள் போதகரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்து ஜார்ஜ்டவுனில், சுங்கை பினாங்கு ஆற்றுக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் ஒரு சிறிய தமிழ் பாப்டிஸ்ட் சபையின் செயலாளர் நான். தமிழ்ப்பள்ளியில் பல ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் என்பதால் இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் நான் ‘டீச்சர்’. எங்கள் போதகர் முன்பு சிவில் பொறியியலாளராக இருந்தவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாநகர் மன்ற உறுப்பினராகவும் நியமிக்கப்பட்டார். அன்று முதல் சபைத் தொலைபேசியில் ஜெப விண்ணப்பத்தைவிடச் சாக்கடை விண்ணப்பமே அதிகம் வருகிறது.

ஒரே பதிலை நாற்பது முறை சொல்லி அலுத்துப்போய் இதை எழுதுகிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே வைத்திருக்கிறேன். போதகரின் பெயரை எழுதவில்லை. அது அவர் விருப்பம்; பெயர் அச்சில் வந்தால் அடுத்த வாரம் பதாகையில் வரும் என்று பயப்படுகிறார்.

டீச்சர், உங்கள் பாஸ்டர் நிஜமாகவே இன்ஜினியரா, அல்லது மரியாதைக்குச் சொல்கிறார்களா?

நிஜம்தான். மலேசியாவில் ‘இன்ஜினியர்’ என்று யாரும் தம்மைத் தாமே அழைத்துக்கொள்ள முடியாது. 1967-ஆம் ஆண்டுப் பொறியியலாளர் பதிவுச் சட்டத்தின்கீழ் மலேசியப் பொறியியலாளர் வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். பட்டம் பெற்றதும் பட்டதாரிப் பொறியியலாளராகப் பதிவு. சில ஆண்டுப் பணி அனுபவமும் தொழில்முறைத் தேர்வும் முடிந்த பிறகுதான் நிபுணத்துவப் பொறியியலாளர். பெயருக்கு முன்னால் ‘இர்.’ என்று சிலர் போடுகிறார்களே, அது இந்தக் கடைசிப் படியில் இருப்பவர்களுக்கே உரியது. எங்கள் போதகர் அந்தப் படியை எட்டியவர். சபை அறிவிப்புப் பலகையில் மட்டும் அதைப் போடக் கூடாது என்று அழித்துவிட்டார்.

பதினெட்டு ஆண்டுகள் அவர் செய்த வேலை பெரும்பாலும் வடிகால், சாலை, மண் வேலை. பாலம் கட்டினாரா, கோபுரம் கட்டினாரா என்று பிள்ளைகள் கேட்டால், “தண்ணீரைக் கீழே போக வைத்தேன்” என்பார். பிறகு பத்து ஃபெரிங்கியில் உள்ள மலேசிய பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரியில் படித்தார். 1954-இல் தொடங்கிய கல்லூரி அது. கடற்கரை விடுதிகளுக்குப் போகிற வழியில் இப்படி ஒரு கல்லூரி இருப்பது பினாங்குக்காரர்களுக்கே அவ்வளவாகத் தெரியாது.

பாப்டிஸ்ட் என்றால் என்ன? மெதடிஸ்ட் மாதிரியா, கத்தோலிக்கர் மாதிரியா?

இரண்டும் இல்லை. 1609-இல் ஆம்ஸ்டர்டாமில் அகதிகளாக இருந்த ஆங்கிலேயர் சிலர் தொடங்கிய வழி இது. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. வளர்ந்தபின் சுயமாக விசுவாசித்தவருக்கே, அதுவும் தண்ணீரில் முழுக்கி. இந்த வட்டாரத்துக்கு 1938-இல் பக்கத்துக் கெடா மாநிலத்தின் அலோர் ஸ்டாரில் சீனர்களின் சபையாக வந்தது. தமிழ்ச் சபைகள் பின்னால் வந்தவை.

இந்தப் பக்கத்துக்கு முக்கியமான வேறுபாடு வேறு. எங்களுக்குப் பேராயர் கிடையாது. ஒவ்வொரு சபையும் தன் காரியத்தைத் தானே முடிவுசெய்யும். போதகரை மேலிடம் அனுப்புவதில்லை. உறுப்பினர் கூட்டம் வாக்களித்து அழைக்கும், தேவைப்பட்டால் அனுப்பியும்விடும். காணிக்கைக் கணக்கு முதல் மின்விசிறி வாங்குவது வரை கை தூக்கித்தான் முடிவாகும். மின்விசிறிக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது.

அவர் எந்தத் தேர்தலில் ஜெயித்தார்? நாங்கள் கவுன்சிலருக்கு ஓட்டே போடவில்லையே!

போட்டிருக்க முடியாது. அறுபது வயதுக்குக் கீழே உள்ள யாரும் இந்நாட்டில் ஊராட்சித் தேர்தலைப் பார்த்ததில்லை. ஆனால் நம் பாட்டனார் பார்த்தார்கள், அதுவும் இதே ஊரில். 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுன் நகராண்மைக் கழகத்துக்குத் தேர்தல் நடந்தது. மலாயாவில் நடந்த முதல் தேர்தல்களில் ஒன்று அது. 1957 ஜனவரி 1-இல் ஜார்ஜ்டவுன் மாநகரமானது. அந்த ஆண்டு மேயர் நாற்காலியில் அமர்ந்தவர் தொழிற்கட்சியின் டி.எஸ். ராமநாதன், இம்மாநகரின் முதல் மேயர். முன்பு ஸ்காட் ரோடு என்றிருந்த சாலை இன்று அவர் பெயரில் இருக்கிறது. அந்த வழியாகத் தினமும் காரில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் யார் என்று தெரியும் என்று நான் கேட்பதில்லை. கேட்டால் ஆசிரியப் புத்தி தலைதூக்கிவிடும்.

1965-இல், இந்தோனேசியாவுடன் மோதல் இருந்த காலத்தில், ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் அவற்றை ஒரேயடியாக எடுத்துவிட்டது. இப்போது ஒரு மன்றத்துக்கு 8 முதல் 24 உறுப்பினர்கள் வரை மாநில அரசு நியமிக்கிறது. பினாங்குத் தீவின் மாநகர் மன்றத்துக்கு 24 பேர். பினாங்கு மாநில அரசு 2012-இல் தேர்தலைத் திரும்பக் கொண்டுவர ஒரு சட்டம் இயற்றியது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. ஆகவே எங்கள் போதகர் ஜெயிக்கவும் இல்லை, தோற்கவும் இல்லை. ஒரு கடிதம் வந்தது. பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார்.

அப்படியானால் அவர் கட்சி ஆள்தானே? கட்சிக்காரருக்குத்தானே கடிதம் வரும்?

பெரும்பாலான இடங்கள் ஆளும் கூட்டணிக் கட்சிகளுக்குப் போகின்றன, உண்மைதான். ஆனால் சட்டம் கட்சியைப் பற்றிப் பேசவில்லை. ஊராட்சி விவகாரத்தில் அனுபவம் உள்ளவர், தொழிலில் பெயர் எடுத்தவர், தம் சமூகத்தின் சார்பில் பேசத் தகுந்தவர் என்றுதான் சொல்கிறது. பினாங்கில் சில இடங்கள் அரசு சாரா அமைப்புகளின் பிரதிநிதிகளுக்குத் தரப்படுகின்றன. எங்கள் போதகர் அந்த வாசல் வழியாகப் போனவர். எந்தக் கட்சி அட்டையும் அவரிடம் இல்லை.

இதைச் சொன்னால் நம்பாதவர்கள் இருக்கிறார்கள். நியமிப்பது அரசியல்வாதிகள் என்பதால் நன்றிக்கடன் இருக்காதா என்று கேட்டார் ஒரு பெரியவர். நியாயமான சந்தேகம். பதிலுக்கு நான் காட்டக்கூடியது ஒன்றே: மன்றத்தின் முழுக் கூட்டம், வேறு தீர்மானம் செய்தால் ஒழிய, பொதுமக்களுக்குத் திறந்தே இருக்கும் என்று அதே 1976 சட்டம் சொல்கிறது. போய் உட்கார்ந்து அவர் யாரை எதிர்த்துப் பேசுகிறார் என்று பார்க்கலாம். நான் ஒருமுறை போனேன். மூன்று மணி நேரம். பிரசங்கத்தில் தூங்குகிறவர்களை அதன்பிறகு நான் கண்டிப்பதில்லை.

ஒரு பாஸ்டர் இப்படிப் பதவி வகிக்கலாமா? சட்டம் விட்டாலும் சபை எப்படி விட்டது?

நாட்டின் சட்டத்தில் சமயப் பணியாளருக்குத் தடை இல்லை. தடை இருந்தால் அது அவரவர் திருச்சபைக்குள் இருக்கும். கத்தோலிக்கக் குருக்கள் ஆட்சி அதிகாரம் உள்ள பொதுப் பதவிகளை ஏற்கக் கூடாது என்று அவர்களின் திருச்சபைச் சட்டத்தில் 285-ஆம் விதி இருக்கிறது. எங்களுக்கு அப்படி ஒரு மேலிட விதி இல்லை என்பதற்குக் காரணம் இரண்டாம் கேள்வியிலேயே இருக்கிறது: மேலிடமே இல்லை.

ஆகவே உறுப்பினர் கூட்டம் கூடியது. மின்விசிறிக்கு ஒன்றரை மணி நேரம் என்றேன். இதற்கு இரண்டு ஞாயிறுகள். எதிர்த்தவர்களில் நானும் ஒருத்தி. மன்றத்தின்மேல் ஊருக்கு இருக்கும் கோபமெல்லாம் எங்கள் வாசலுக்கு வரும் என்று பேசினேன். வந்தது. ஆனாலும் பெரும்பான்மை சம்மதித்தது, நான்கு நிபந்தனைகளோடு: சபைக் கட்டடத்தில் மன்ற வேலை கூடாது; மன்ற நிகழ்ச்சியில் சபைப் பிரசுரம் கூடாது; மன்றத்தால் வரும் பணம் எதுவானாலும் சபை நிர்வாகத்தைப் பார்க்கும் டீக்கன்மாருக்குத் தெரிய வேண்டும்; ஒவ்வோர் ஆண்டும் நியமனம் புதுப்பிக்கப்படும்போது சபையும் மறுபடி வாக்களிக்கும். கடைசி நிபந்தனை நான் எழுதியது.

அரசும் சபையும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று முதலில் சொன்னதே பாப்டிஸ்டுகள்தானே? இது முரண்பாடு இல்லையா?

இதைக் கேட்டவர் சட்டம் படிக்கும் ஒரு மாணவி. வீட்டுப்பாடம் செய்துவிட்டு வந்திருந்தாள்.

1612-இல் லண்டனில் தாமஸ் ஹெல்விஸ் என்ற பாப்டிஸ்ட், மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையிலான காரியத்தில் மன்னருக்கு அதிகாரம் இல்லை என்று எழுதினார். தம் கூட்டத்தாருக்கு மட்டும் அவர் அதைக் கேட்கவில்லை. யூதருக்கும் இஸ்லாமியருக்கும், தமக்குப் பிடிக்காத கத்தோலிக்கருக்கும் சேர்த்தே கேட்டார். சிறையில் போட்டார்கள், சிறையிலேயே இறந்தார். 1636-இல் அமெரிக்காவில் ப்ராவிடன்ஸ் குடியேற்றத்தைத் தொடங்கிய ரோஜர் வில்லியம்ஸ் இதே கொள்கையில் ஓர் ஊரையே நடத்திக் காட்டினார். அரசுக்கும் சமயத்துக்கும் இடையில் மதில் வேண்டும் என்று அமெரிக்க அதிபர் ஜெஃபர்சன் 1802-இல் எழுதிய கடிதமும் டான்பரி ஊர் பாப்டிஸ்டுகளுக்குப் போன கடிதம்தான்.

ஆக, மதில் எங்கள் ஆட்கள் கேட்டு வாங்கியது. ஆனால் அது இரண்டு நிறுவனங்களுக்கு நடுவே நிற்கும் மதில். ஒரு குடிமகன் காலையில் இந்தப் பக்கமும் மாலையில் அந்தப் பக்கமும் போகலாம், சாமான் கடத்தாத வரை. பாப்டிஸ்ட் போதகராக இருந்த டாமி டக்ளஸ் 1944 முதல் 1961 வரை கனடாவின் சஸ்காச்சுவான் மாநில முதல்வராக இருந்தார். அங்கே பொது மருத்துவக் காப்புறுதிக்கு வழி போட்டவர் அவர். அட்லாண்டாவில் எபெனேசர் சபையின் போதகர் ரஃபேல் வார்னாக் 2021 முதல் அமெரிக்க செனட்டர். எல்லாக் கதையும் இப்படி இனிப்பாக இல்லை. உலக பாப்டிஸ்ட் கூட்டணியின் தலைவராக இருந்த வில்லியம் டால்பர்ட் 1971-இல் லைபீரியாவின் அதிபரானார். ஒரே கட்சியின் ஆட்சி, கசப்பு, கடைசியில் 1980-இல் இராணுவப் புரட்சியில் கொல்லப்பட்டார். டக்ளஸைச் சொல்கிறவர்கள் டால்பர்ட்டையும் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

சம்பளம் இரண்டு இடத்திலும் வாங்குகிறாரா?

மன்ற உறுப்பினருக்குச் சம்பளம் இல்லை; மாதாந்தரப் படியும் கூட்டத்துக்கான படியும் உண்டு. முழுநேர வேலையும் அல்ல. சபை தரும் ஊதியத்தில் ஐந்தில் ஒரு பங்கை அவரே குறைக்கச் சொன்னார், வாரத்தில் ஒரு நாள் போகிறதே என்று.

வாழ்த்துரை சொல்ல வருகிற எல்லாரும் எருசலேமின் மதிலைக் கட்டிய நெகேமியாவோடு அவரை ஒப்பிட்டுவிட்டுப் போவார்கள். அவருக்கே சலித்துவிட்டது. மதிலை விட்டுவிட்டு ஐந்தாம் அதிகாரத்தைப் படியுங்கள் என்கிறார். நெகேமியா அதிபதியாக இருந்த பன்னிரண்டு வருஷமும் அதிபதிகளுக்கு உரிய படியை வாங்கிச் சாப்பிடவில்லை என்று அங்கே இருக்கிறது. தமிழ் வேதாகமத்திலும் அதே சொல், ‘படி’. எங்கள் போதகர் வாங்குகிறார், பெட்ரோலுக்கே சரியாகிவிடுகிறது. அந்தக் கணக்கு டீக்கன்மாரிடம் இருக்கிறது.

எங்கள் தாமானில் (குடியிருப்பில்) சாக்கடை அடைத்து மூன்று வாரம் ஆகிறது. பாஸ்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்தானே?

போதாது. முதலில் அந்தச் சாக்கடை யாருடையது என்று தெரிய வேண்டும். வீட்டு வரிசைக்கு முன்னும் பின்னும் ஓடும் வடிகால் பெரும்பாலும் மன்றத்தினுடையது. ஆறும் பெரிய வாய்க்காலும் வடிகால் நீர்ப்பாசனத் துறையினுடையது. கூட்டரசு சாலை, மாநிலச் சாலை ஓரம் என்றால் பொதுப்பணித் துறை. அடுக்குமாடி வளாகத்துக்குள் என்றால் உங்கள் கூட்டு நிர்வாகக் குழு. அங்கே மன்றம் நுழையாது, பராமரிப்புக் கட்டணம் எதற்கு என்றுதான் கேட்கும். முக்கால்வாசிப் புகார்கள் தவறான வாசலில் தட்டுவதால்தான் மூன்று வாரம் கிடக்கின்றன. படம் எடுங்கள். அருகில் உள்ள விளக்குக் கம்பத்தின் எண்ணையும் சேர்த்து எடுங்கள். மன்றத்தின் புகார்ப் பிரிவில் பதிந்து, புகார் எண்ணை வாங்குங்கள். அந்த எண் இருந்தால் போதகர் கூட்டத்தில் கேட்க முடியும். எண் இல்லாவிட்டால் அவரும் உங்களைப்போல் வருத்தப்படத்தான் முடியும்.

இதில் அவருடைய பழைய படிப்பு உதவுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சாக்கடை அடைப்பு தெரிகிற இடம் ஒன்று, காரணம் இருக்கிற இடம் வேறு என்பார். நூறு மீட்டர் நீளத்துக்கு இருபது சென்டிமீட்டர் சரிவுகூட இல்லாத வடிகால்கள் தாழ்வான பகுதிகளில் உண்டு. அதில் எங்கோ கீழே ஒருவர் காரை ஏற்றச் சிமெண்ட் போட்டு உயர்த்திவிட்டால், மேலே நான்காவது வீட்டில் தண்ணீர் நிற்கும். நான்காவது வீட்டுக்காரர் தம் வீட்டு முன்னால் தூர் வாரச் சொல்லி மாதாமாதம் புகார் கொடுப்பார்; வாரிவிட்டுப் போவார்கள்; மறுபடி நிற்கும். சாப்பாட்டுக் கடையின் எண்ணெய் இன்னொரு வினை. சூடாக ஊற்றும்போது ஓடும், பத்தடி தாண்டிக் குளிர்ந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

கடலும் இருக்கிறது. 2017 நவம்பர் 4 வெள்ள இரவை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. மாநிலத்தில் ஏழு பேர் உயிரிழந்தார்கள். எங்கள் மண்டபத்தில் பாய்களும் பாட்டுப் புத்தகங்களும் மிதந்தன. அப்படிப்பட்ட பெருமழையின்போது கடலும் ஏறியிருந்தால் ஆற்று நீர் வெளியே போக இடம் இருக்காது; வடிகால் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் தண்ணீர் திரும்பி வரும். மறுநாள் காலை மற்றவர்கள் சேறு அள்ளிக்கொண்டிருந்தபோது, போதகர் (அன்று கவுன்சிலர் இல்லை) சுண்ணாம்புக் கட்டியால் சுவரில் நீர் நின்ற உயரத்தைக் கோடு போட்டுத் தேதி எழுதினார். எனக்குக் கோபம் வந்தது, ஒரு வாளியையாவது தூக்கலாமே என்று. பிறகு மண்டபத்தை வெள்ளையடித்தபோதும் அந்தக் கோட்டை அழிக்க விடவில்லை. இப்போது சுற்று வட்டாரத்தில் யார் தரையை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று கேட்டாலும் வந்து அந்தக் கோட்டைத்தான் பார்க்கிறார்கள்.

பார்க்கிங் சம்மன் ஒன்று இருக்கிறது. பாதியாகக் குறைத்துத் தருவாரா?

மாட்டார். என் மருமகனுக்கே மாட்டேன் என்றார். முறையீடு செய்ய மன்றத்தில் முகப்பு இருக்கிறது. தள்ளுபடி அறிவிக்கும்போது எல்லாருக்கும் அறிவிப்பார்கள்.

வீட்டின் பின்னால் ஓர் அறை கூட்டிக் கட்டியிருக்கிறேன். இன்ஜினியர்தானே, அவரே ஒரு கையெழுத்துப் போட்டால் செலவு மிச்சம்.

மற்ற எல்லாவற்றையும்விட இதைத்தான் இரகசியக் குரலில் கேட்கிறார்கள். தவறு என்று கேட்பவருக்கும் தெரியும் போலிருக்கிறது.

கட்டியபின் கையெழுத்து என்பதே தலைகீழ். 1974-ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி திட்ட வரைபடம் முதலில் மன்றத்தின் ஒப்புதலுக்குப் போக வேண்டும். புதுக் கட்டடம் முடிந்ததும் குடியேறச் சான்றிதழ் தருவதை 2007 முதல் மன்றமே செய்வதில்லை. திட்டத்தைச் சமர்ப்பித்த கட்டடக்கலைஞரோ நிபுணத்துவப் பொறியியலாளரோ தம் பொறுப்பில் தருகிறார். சுவர் விரிந்தால் பிடிபடுவது அந்தக் கையெழுத்துப் போட்டவர்தான். முதல் கேள்வியில் சொன்ன ‘இர்.’ என்ற இரண்டெழுத்தின் எடை அது.

இப்போது யோசியுங்கள். பொறியியலாளராகச் சமர்ப்பித்ததை கவுன்சிலராக அவரே ஆமோதிப்பதா? ஒரு விஷயத்தில் பணத் தொடர்புள்ள உறுப்பினர் அதைச் சொல்லிவிட்டு விலகி நிற்க வேண்டும் என்பது சட்டம். அதற்கே இடம் வைக்க வேண்டாம் என்று, பதவி ஏற்ற நாளிலிருந்து அவர் எந்த வரைபடத்திலும் கையெழுத்திடுவதில்லை. தெரிந்த வேறு பொறியியலாளரைச் சொல்லுங்கள் என்றாலும் சொல்வதில்லை. இது கொஞ்சம் அதிகம் என்று நான் நினைக்கிறேன். ஒரு பெயர் சொன்னால் என்ன? “அந்தப் பெயர் அடுத்த மாதம் என் ஆள் ஆகிவிடும், டீச்சர்” என்றார்.

நாங்கள் இந்துக்கள். எங்கள் கோயில் விவகாரம் மன்றத்துக்கு வந்தால் பாஸ்டர் எந்தப் பக்கம் நிற்பார்?

கேட்டவர் பக்கத்துத் தெரு அம்மன் கோயிலின் நிர்வாகி. நேராகக் கேட்டதற்கு அவருக்கு நன்றி. மற்றவர்கள் இதையே சுற்றி வளைத்துக் கேட்பார்கள்.

நிலம் மாநில அரசின் அதிகாரம். பட்டா, மாற்றம், ஒதுக்கீடு எல்லாம் நில அலுவலகம். மன்றத்துக்கு வருவது திட்ட அனுமதி, கட்டட வரைபடம், வடிகால், வாகன நெரிசல். கோயிலானாலும் தேவாலயமானாலும் அந்தக் கேள்விகள் ஒன்றே. சொல்லப்போனால் எங்கள் சபைக்குத்தான் நஷ்டம். எங்கள் மண்டபத்தைப் பின்புறம் நீட்டும் விண்ணப்பம் வந்தபோது அவர் அறையைவிட்டு வெளியே போய் நின்றார். திரும்பி வந்தபோது கூடுதல் வாகன நிறுத்துமிடம் காட்டச் சொல்லி ஒத்தி வைத்திருந்தார்கள். இன்னும் நீட்டவில்லை.

அந்த அம்மன் கோயிலில் மழைக்காலத்தில் கருவறைப் படி வரை தண்ணீர் வரும். போதகர் மட்டம் பார்க்கும் கருவியோடு போய் அரை நாள் அளந்தார். கோயில் தரை சாலையைவிடத் தாழ்ந்திருக்கிறது; ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது. அளவுகளை எழுதி நிர்வாகியிடம் கொடுத்து, அவர் பெயரிலேயே மனு போடச் சொன்னார். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகும் சாலைகள் மூடப்படும்போது, தண்ணீர்ப் பந்தல் குப்பையை யார் எப்போது அள்ளுவது என்ற கூட்டத்திலும் அவர் இருக்கிறார். அந்தக் கூட்டத்துக்கு யாரும் போட்டி போடுவதில்லை.

பதவியை வைத்து மதம் மாற்றுவார் என்கிறார்களே?

அரசியலமைப்பின் 11-ஆம் பிரிவு ஒவ்வொருவருக்கும் தம் சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. இஸ்லாமியரிடையே பிற சமயங்களைப் பரப்புவதை மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தலாம் என்று 11(4) சொல்கிறது. இது எல்லாருக்கும் தெரிந்த எல்லை. அதற்கும் உள்ளே எங்கள் சபை இன்னொரு கோடு போட்டிருக்கிறது. மேலே சொன்ன நான்கு நிபந்தனைகளில் இரண்டாவது.

அவர் சுவிசேஷம் சொல்வதை நிறுத்திவிட்டாரா? இல்லை. ஞாயிறு காலையில் எங்கள் மண்டபத்தில், கதவு திறந்திருக்க, சொல்கிறார். சாக்கடை பார்க்க வந்தவர் வீட்டில் சொல்வதில்லை. உதவி தேவைப்படும் நேரத்தில் கேட்கிறவருக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லும் சுதந்திரம் இருக்காது, சுதந்திரம் இல்லாமல் வருகிற விசுவாசத்துக்கு ஞானஸ்நானம் கொடுக்க மாட்டேன் என்கிறார். ஹெல்விஸ் சிறையில் செத்தது இதற்குத்தான்.

தேர்தல் நேரத்தில் மேடையில் யாருக்கு ஓட்டு என்று சொல்வாரா?

இல்லை. ஓட்டுப் போடப் போங்கள் என்பார். ஒருமுறை வேட்பாளர் ஒருவர் ஆராதனைக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். காணிக்கை எடுத்தோம், பாட்டுப் பாடினோம், ஆசீர்வாதம் சொன்னோம். அறிமுகம் மட்டும் செய்யவில்லை. அவர் தேநீர்கூடக் குடிக்காமல் போனார்.

கோலாலம்பூரில் என் தம்பியும் பாஸ்டர்தான், மெக்கானிக்கல் இன்ஜினியர். அவரும் கவுன்சிலர் ஆக என்ன செய்ய வேண்டும்?

கோலாலம்பூரில் ஆக முடியாது. அங்கே கவுன்சிலரே இல்லை. 1974 முதல் அது கூட்டரசுப் பிரதேசம், அதாவது எந்த மாநிலத்தின்கீழும் இல்லாமல் மத்திய அரசின்கீழ் இருப்பது. மாநகராண்மைக் கழகம் மேயரின்கீழ் இயங்குகிறது, அவருக்கு ஓர் ஆலோசனை வாரியம் உண்டு, அவ்வளவுதான். தம்பி எல்லை தாண்டி பெட்டாலிங் ஜெயாவிலோ சுபாங் ஜெயாவிலோ குடியிருந்தால் சிலாங்கூர் அரசு நியமிக்கும் மன்றங்கள் உண்டு. மூன்றாம், நான்காம் கேள்விகளில் சொன்னது அங்கேயும் பொருந்தும்.

பட்டத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பினாங்கில் 2023-இல் மேயரான ஏ. ராஜேந்திரனும் பொறியியலாளர்தான். ஆனால் தம்பிக்கு உண்மையில் ஆசை அக்கம்பக்கத்துக்கு உதவுவது என்றால், அவர் வீட்டு அடுக்குமாடியின் நிர்வாகக் குழுவில் முதலில் நிற்கச் சொல்லுங்கள். மெக்கானிக்கல் படித்தவர், பழுதான மின்தூக்கியும் தண்ணீர்ப் பம்பும் காத்துக்கொண்டிருக்கும். 1975-இல் தொடங்கிய ருக்குன் தெத்தாங்கா அக்கம்பக்கக் குழுக்களும் ஆள் இல்லாமல்தான் இருக்கின்றன. எங்கள் போதகரும் அங்கே ஆறு ஆண்டுகள் நாற்காலி அடுக்கியவர்.

இவ்வளவும் சரி, சபைக்கு அவர் கிடைக்கிறாரா?

குறைவாகத்தான் கிடைக்கிறார். இதை மூடி மறைக்க எனக்கு விருப்பம் இல்லை. என் மாமியார் இறந்த அன்று அவர் ஒரு கூட்டத்தில் இருந்தார். கைப்பேசியை அணைத்து வைத்திருந்தார். மூன்று மணி நேரம் கழித்துத்தான் வந்தார். இளைய டீக்கன் ஒருவர் வந்து ஜெபித்தார், நன்றாகவே ஜெபித்தார். ஆனாலும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் வந்து மன்னிப்புக் கேட்டார். மன்னித்தேன், மறக்க ஒன்றிரண்டு மாதம் ஆனது.

அதன்பின் ஓர் ஏற்பாடு செய்தோம். மரணம், மருத்துவமனை என்றால் சபை உதவியாளர் கூட்ட அறைக் கதவைத் தட்டலாம். மன்றத்தில் இதைச் சொல்லி அனுமதியும் வாங்கிவிட்டார். இன்றுவரை இரண்டு முறை தட்டியிருக்கிறோம். இந்த ஆண்டு வாக்கெடுப்பில் நான் ஆதரித்துக் கை தூக்கினேனா என்று சிலர் கேட்கிறார்கள். தூக்கினேன், தோள்பட்டை உயரத்துக்கு.

ஆராதனை முடிந்ததும் ஐந்து நிமிடம் அவரிடம் பேசலாமா?

ஜெபத்துக்கு என்றால் எப்போதும். மன்றக் காரியம் என்றால் புதன்கிழமை மாலை, சாலைக்கு எதிரே உள்ள காப்பிக் கடையில், ஏழு மணி முதல் இருக்கிறார்; காப்பியை அவரவர் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இந்த விதியைத் தாண்ட ஒரு தாத்தா வழி கண்டுபிடித்தார். போன மாதம் ஆராதனை முடிந்ததும் முன்னால் போய் முழங்காலிட்டு, ஜெப விண்ணப்பம் என்றார். என்ன விண்ணப்பம் என்று போதகர் குனிந்து கேட்டார். வீட்டுப் பின்புறம் சாக்கடை, மூன்று மாதம். போதகர் அவர் தலையில் கை வைத்து, சாக்கடையையும் குறிப்பிட்டே ஜெபித்தார். ஆமென் சொன்னதும் தாத்தாவின் காதில் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று பிறகு தாத்தாவிடம் கேட்டேன்.

“விளக்குக் கம்பத்தின் எண் என்ன என்று கேட்கிறார், டீச்சர்.”